ரீச், இம்ப்ரெஷன், குக்கி: எது எதைக் குறிக்கிறது?

ரீச்சும் இம்ப்ரெஷனும் ஒன்றுதானா, அஃபிலியேட்டில் குக்கி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றல்ல. ரீச் என்பது எத்தனை பேரைச் சேர்ந்தது என்பது; இம்ப்ரெஷன் என்பது எத்தனை முறை காட்டப்பட்டது என்பது. ஒரே ஆள் உங்கள் விளம்பரத்தை மூன்று முறை பார்த்தால் ரீச் 1, இம்ப்ரெஷன் 3. இம்ப்ரெஷன் எண்ணைக் காட்டி ‘இத்தனை பேர் பார்த்தார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1,000 இம்ப்ரெஷனுக்கு 20 கிளிக் வந்தால் கிளிக் விகிதம் 2 சதவீதம். அந்த 20 கிளிக்கில் ஒன்று விற்பனையாக முடிந்தால் கன்வெர்ஷன் 5 சதவீதம். என் கண் எப்போதும் இந்தக் கடைசி எண் மீதுதான்.

அஃபிலியேட் என்பது தரகு வேலை: உங்கள் இணைப்பு வழியாகப் பொருள் விற்றால் உங்களுக்குக் கமிஷன். உங்கள் இணைப்பின் வாலில் உங்களுக்கான அடையாளக் குறி இருக்கும். வாசகர் கிளிக் செய்ததும் அவருடைய பிரவுசரில் ஒரு குக்கி பதியும்; அவர் உங்கள் வழியாக வந்தவர் என்பதை நினைவில் வைக்கும் சிறு குறிப்பு அது. அது உயிரோடு இருக்கும்வரைதான் விற்பனை உங்கள் கணக்கில் சேரும். அமேசானில் பொதுவாக 24 மணி நேரம். 30 நாள் தரும் திட்டங்களும் உண்டு. இடையில் அவர் வேறொருவரின் இணைப்பைத் தொட்டுவிட்டால், பெரும்பாலும் கடைசிக் கிளிக்குக்கே கமிஷன் போகும். எந்தத் திட்டத்திலும் சேருவதற்கு முன், கமிஷன் சதவீதத்தைவிட இந்த விதியைக் கவனமாகப் படியுங்கள்.