தரகர்கள் கைதட்டினால் நாடகம் தோற்றதா?

கேள்வி: 1987-ல் லண்டனில் பங்குச் சந்தைக்காரர்களின் பேராசையைத் தோலுரித்து 'சீரியஸ் மணி' என்று ஒரு நாடகம் போட்டார்களாம். அதைப் பார்க்கப் பங்குத் தரகர்களே கூட்டம் கூட்டமாக வந்து, சிரித்து ரசித்துவிட்டுப் போனார்களாம். திட்டு வாங்கியவனே கைதட்டினால் நாடகம் தோற்றுவிட்டது என்றுதானே அர்த்தம்? பிறகு எதற்கு இந்த மாதிரி நாடகங்கள்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு.

1986 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தையின் பழைய கட்டுப்பாடுகள் ஒரே நாளில் விலக்கப்பட்டன. 'பிக் பேங்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. நிலையான கமிஷன் போனது, வெளிநாட்டு வங்கிகள் உள்ளே வந்தன, சின்ன வயசுப் பையன்கள் கையில் பெரும்பணம் புரண்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் பிரிட்டிஷ் நாடகாசிரியை கேரில் சர்ச்சில் இந்த நாடகத்தை எழுதினார். நடிகர்கள் சந்தைக்களத்துக்கே போய் அந்தக் கத்தலையும் கைசாடையையும் பார்த்துவிட்டு வந்தார்கள். 1987 மார்ச்சில் ராயல் கோர்ட் அரங்கில் மேடையேறி, ஜூலையில் லண்டனின் வணிக நாடக அரங்குகள் கூடியிருக்கும் வெஸ்ட் எண்டில் உள்ள விண்டம்ஸ் அரங்குக்கு மாறியது.

தரகர்கள் ஏன் ரசித்தார்கள்? மேடையில் இருந்தது அவர்கள் அனுபவிக்கும் சுகம். அதை ஆசிரியர் மறைக்கவில்லை. வசனம் பெரும்பாலும் எதுகை துள்ளும் செய்யுள். ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் பேச ஆரம்பித்துவிடுவார். முதல் பாதி முடியும்போது சந்தைக்களத்துத் தரகர்கள் எல்லோரும் சேர்ந்து கெட்ட வார்த்தை நிறைந்த ஒரு பாட்டைத் தொண்டை கிழியப் பாடுவார்கள். அந்த வேகம் பார்க்கிறவனையும் தொற்றிக்கொள்ளும். தொற்ற வேண்டும் என்றுதான் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. சுகமே இல்லாத தொழில் என்று காட்டியிருந்தால், இத்தனை பேர் அதில் போய் ஏன் விழுகிறார்கள் என்பதே புரிந்திருக்காது.

அப்புறம் ஸில்லா என்ற பாத்திரத்தைப் பாருங்கள். அவளும் சந்தைக்களத்தில் வேலை செய்கிறவள். அவளுடைய தம்பி ஜேக், கம்பெனிகளின் உள்விவகாரத் தகவலை விற்றுச் சம்பாதித்தவன், செத்துக் கிடக்கிறான். கொன்றது யார் என்று தேடிப் புறப்படுகிறாள். அவளோடு சேர்ந்து நாமும் நியாயம் கேட்கக் கிளம்புகிறோம். கொஞ்ச தூரம் போனதும் தேடல் திசை மாறுகிறது. தம்பியைக் கொன்றவன் எங்கே என்ற கேள்வி போய், தம்பி சேர்த்த பணம் எங்கே, அதில் என் பங்கு எங்கே என்று ஆகிவிடுகிறது. கொலையாளி கடைசிவரை அகப்படுவதில்லை. அவள் நியூயார்க்கில் பெரிய வேலைக்குப் போய்விடுகிறாள். இந்தக் கதையில் தரகனை மட்டும் திட்டவில்லை ஐயா. நியாயம் கேட்டு வந்தவளும் அதே குழியில் விழுகிறாள். கைதட்டிய தரகர்களுக்கு இது உறைக்காமல் போனது அவர்கள் குறை. அவர்கள் கைதட்டிய காட்சியே நாடகம் சொன்னதற்குச் சாட்சி.

அதே 1987-ல் அக்டோபர் 19 அன்று நியூயார்க் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. அதன் பிறகு அந்த ஊருக்குப் போன 'சீரியஸ் மணி', 1988-ல் அங்கே பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயில் 15 காட்சிகளோடு மூடப்பட்டது. கணக்கு மோசடியால் 2001-ல் திவாலான அமெரிக்க எரிசக்திக் கம்பெனியைப் பற்றி லூசி பிரெபிள் எழுதிய 'என்ரான்' நாடகத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான்: லண்டனில் அமோக வரவேற்பு, பிராட்வேயில் 2010 ஏப்ரல் 27-ல் தொடங்கி மே 9-க்குள் முடிந்தது. அமெரிக்க விமர்சகர்களின் கடுமையும் ஒரு காரணம். என்றாலும், என்ரான் ஊழியர்கள் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கம்பெனியின் பங்கிலேயே போட்டு இழந்த நாட்டில், அதே கதையைப் பாட்டும் கூத்துமாகப் பார்ப்பது சுலபம் இல்லை என்றும் நினைக்கிறேன்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொரு கைதட்டல். இத்தாலியரான ஸ்டெஃபானோ மஸ்ஸீனி எழுதி, சாம் மெண்டிஸ் இயக்கத்தில் 2018-ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் வந்த 'தி லீமன் டிரைலஜி'. மூன்றே நடிகர்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல். சுழலும் கண்ணாடி அறைக்குள் அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதையே கடை மேஜையாகவும் படிக்கட்டாகவும் ஆக்கிக்கொள்கிறார்கள். 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானபோது ஊழியர்கள் தூக்கிக்கொண்டு போனார்களே, அதே மாதிரிப் பெட்டிகள். அற்புதமான கலை. 2022-ல் சிறந்த நாடகத்துக்கான பிராட்வேயின் டோனி விருதும் கிடைத்தது. ஆனால் நாடகம் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்து அந்த வங்கிக்கு வித்திட்ட மூன்று சகோதரர்களின் உழைப்பிலும் குடும்பப் பாசத்திலும் நம்மை மூழ்கடித்துவிடுகிறது. அந்தக் குடும்பத்திலிருந்து கடைசியாக வங்கியை நடத்திய ராபர்ட் லீமன் இறந்தது 1969-ல். அதற்குப் பிந்தைய நாற்பது வருஷத்தை, அதாவது உலகத்தைக் கவிழ்த்த காலத்தை, அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். பார்த்தவர்கள் ஒரு குடும்பத்துக்காக மனம் கனத்து வெளியே வருகிறார்கள். அந்த 2008 சரிவில் வீடு பறிபோனவனின் முகம் அவர்கள் நினைவில் இல்லை. தரகர்களின் சிரிப்பைவிட இந்தக் கண்ணீரைத்தான் நான் ஆபத்தானது என்பேன்.

எதற்கு இந்த நாடகங்கள் என்று கேட்டீர்கள். இப்படி வாதம் கிளப்பத்தான். அந்தச் சகோதரர்கள் முதலில் பணம் பார்த்தது அலபாமாவின் பருத்தியில், அடிமைகள் பறித்த பருத்தியில். அதை நாடகம் லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறது என்று பார்த்தவர்களும் விமர்சகர்களும் குரல் எழுப்பினார்கள். 2021-ல் பிராட்வேக்கு வந்த வடிவத்தில் அடிமை முறையைப் பற்றிய வரிகள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அதுவும் போதாது என்று சொன்னவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான்.