ஒரே வீடு, இரண்டு இனிஷியல்

வாசகர் கேள்விகள். இந்த இதழில்: மறுமணக் குடும்பத்துப் பிள்ளைகள். பதில் தருபவர்கள்: ஒரு குடும்பநல ஆலோசகரும் ஒரு குடும்ப நீதிமன்ற வழக்கறிஞரும்.

எட்டு மாதங்களுக்கு முன் மறுமணம் செய்துகொண்டேன். என் மகளுக்கு 11 வயது. கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகள் இருவர்: பையனுக்கு 14, பெண்ணுக்கு 9. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் இப்போது சின்னவளோடு ஒரே அறையில் படுக்கிறாள். தினமும் சண்டை. "அண்ணானு கூப்பிடு" என்று மாமியார் சொன்னால் எழுந்து போய்விடுகிறாள். நான் யார் பக்கம் பேசுவது? (வாசகி, திருப்பூர்)

யார் பக்கமும் பேசுவதற்கு முன்னால், உங்கள் மகள் எதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அப்பா இருந்த வீடு. பழைய தெரு, பழைய தோழிகள். மறுமணத்துக்கு முன்பு அநேகமாக உங்கள் பக்கத்தில்தான் படுத்திருப்பாள். அந்த இடமும் போயிற்று. கணவருடைய மகன் இன்றும் மூத்தவன், சின்னவள் இன்றும் கடைக்குட்டி. வரிசையில் இடம் மாறியது உங்கள் மகளுக்கு மட்டும்தான். உங்களுக்குக் கிடைத்த துணை, அவள் கண்ணுக்கு முதலில் இன்னொரு இழப்பாகத்தான் தெரியும். 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் மற்ற வயதினரைவிடக் கடினம்.

முதலில் அறையைச் சரிசெய்யுங்கள். சின்னவள் இருந்த அறைக்குள் பெரியவளைக் கொண்டுபோய் விட்டதுதான் பாதிச் சண்டைக்குக் காரணமாக இருக்கும். ஒருத்திக்கு "என் ரூமுக்குள்ள வந்துட்டா", இன்னொருத்திக்கு "நான் இங்க விருந்தாளி". ஒரு விடுமுறை நாளில் அறையை முழுவதும் காலி செய்து சுண்ணாம்போ பெயிண்ட்டோ அடியுங்கள். பிறகு சீட்டுக் குலுக்கிப் போட்டு யாருக்கு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யட்டும். ஆளுக்கொரு பூட்டும் சாவியுமுள்ள அலமாரித் தட்டு கொடுங்கள். அடுத்தவள் தட்டை யாரும், நீங்களும் மாமியாரும்கூட, கேட்காமல் திறக்கக் கூடாது. இடம் குறைவான வீட்டில் தனி அறை கொடுக்க முடியாது. ஒரு பூட்டு கொடுக்க முடியும்.

அடுத்தது கண்டிப்பு. முதல் ஒரு வருடமாவது அவரவர் பிள்ளையை அவரவரே கண்டியுங்கள். வீட்டு விதிகள் மூன்று நான்கு போதும்: தூங்கும் நேரம், செல்போன் நேரம், சாப்பிட்ட தட்டைக் கழுவுவது. அவற்றை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள். கணவர் இல்லாத நேரத்தில் அவருடைய மகனிடம், "அப்பா சொல்லிட்டுப் போனது இது" என்று அவர் வாயாகவே பேசுங்கள்.

வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் மகளோடு தனியாக இருங்கள். மற்ற இருவருக்கும் அவர்கள் அப்பா அதையே செய்யட்டும். புதுக் குடும்பங்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றன. ஒற்றுமை வரட்டும் என்று எங்கே போனாலும் ஐந்து பேராகவே போகிறார்கள். அம்மா தன் கையைவிட்டுப் போகவில்லை என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பிள்ளை அடுத்தவளுக்கு இடம் விடும்.

கூப்பிடும் முறையை வற்புறுத்தாதீர்கள். வாடா போடா கூடாது என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். "அண்ணா" வரும்போது வரும். மாமியாரிடம் இதைக் கணவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் வேறு சண்டை. இரண்டு முதல் ஐந்து வருடங்கள்வரை ஆகலாம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக மறுத்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கோர்ட் உத்தரவுப்படி என் மகன் (9) இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு அவன் அப்பாவிடம் போகிறான். திரும்பி வந்ததும் என் கணவரின் மகளிடம் (8) காரணமில்லாமல் எரிந்து விழுகிறான். போவதை நிறுத்திவிடலாமா? (வாசகி, சேலம்)

வேண்டாம். உத்தரவை நீங்களாக நிறுத்தினால் அது நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம். மாற்றம் தேவையென்றால் அதே குடும்ப நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். அப்பாவைப் பார்த்துவிட்டு வருவதும் பிள்ளையின் கோபத்துக்குக் காரணமில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனம் மாற நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். வந்த முதல் இரண்டு மணி நேரம் அவனை விட்டுவிடுங்கள். குளிக்கட்டும், சாப்பிடட்டும். "அங்க என்ன சொன்னாங்க?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம்.

அந்த எட்டு வயதுப் பெண்ணையும் கவனியுங்கள். அவள் அம்மா அவளைப் பார்க்க வருகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. வருவதில்லை என்றால், இவன் புதுச் சட்டையோடு கிளம்பி, கையில் பொம்மையோடு திரும்புவதை அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஞாயிறு அவளுக்கும் அவள் அப்பாவோடு எங்காவது போகும் நாளாக இருக்கட்டும். பையன் கொண்டுவரும் பொருள் அவன் அலமாரிக்குள் போகட்டும்; பகிர்ந்துகொள்ளச் சொல்லாதீர்கள்.

எனக்கு முதல் மணத்தில் ஒரு மகன் (10). மனைவிக்கும் அப்படியே ஒரு மகன் (12). அவன் அப்பா எப்போதாவது பேசுவார். இருவரும் ஒரே பள்ளி. இருவருக்கும் எல்லாம் சமமாகப் போக வேண்டும் என்பது என் ஆசை. பெரியவனின் இனிஷியலை மாற்றலாமா? என் சொத்தில் அவனுக்குப் பங்கு உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

நீங்கள் இந்துக் குடும்பம் என்று கொண்டு சொல்கிறோம். உங்கள் ஆசை நல்ல ஆசை. ஆனால் நீங்கள் எழுதி வைக்காவிட்டால் சட்டம் அதை நிறைவேற்றாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் நீங்கள் இறந்தால் முதல் வகுப்பு வாரிசுகள் உங்கள் மனைவி, நீங்கள் பெற்ற மகன், உயிரோடு இருந்தால் உங்கள் தாய். மனைவியின் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. வீடு மனைவி பெயரில் இருந்தால் இது தலைகீழாகும்: அவர் பெற்ற மகனுக்கும் உங்களுக்கும் பங்கு, உங்கள் மகனுக்கு இல்லை. பெண்ணின் வாரிசுப் பட்டியலில் வரும் 'மகன்' என்ற சொல் கணவனின் மூத்த தாரத்து மகனைக் குறிக்காது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பையன்கள் பின்னாளில் எதிரெதிரே நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஆகவே இருவரும் உயில் எழுதுங்கள். "என் பிள்ளைகளுக்கு" என்று பொதுவாக எழுதாதீர்கள். அது பெற்ற பிள்ளையை மட்டுமே குறிக்கும் என்று வாதாட இடம் கொடுக்கும். பையனின் முழுப் பெயர், பிறந்த தேதி, "என் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகன்" என்ற விவரம் மூன்றும் இருக்கட்டும். சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். சொத்துப் பெறுபவர்கள் சாட்சியாக இல்லாதது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்யுங்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது. பி.எஃப். நாமினேஷனையும் பாருங்கள்: அங்கே 'குடும்பம்' என்றால் மனைவி, பெற்ற பிள்ளை, சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை, உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் போன்றவர்கள்தான். தத்தெடுக்காத பையன் பெயரை எழுதினால் செல்லாது.

தத்தெடுக்கலாமா? 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் உங்களுக்கு வழியில்லை. மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க அது அனுமதிக்காது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் வழி உண்டு. நீங்களும் மனைவியும் மத்திய தத்தெடுப்பு ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெற்ற தந்தையின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். பையன் யாரிடம் இருப்பது என்ற வழக்கு நிலுவையில் இருந்தால் அது முடிந்த பிறகே தொடங்க முடியும். இறுதி உத்தரவைத் தருபவர் மாவட்ட ஆட்சியர். ஒன்றை யோசித்துவிட்டு இறங்குங்கள்: தத்து முடிந்தால் பெற்ற தந்தையோடு அவனுக்குள்ள சட்ட உறவு அறுந்துவிடும். அவரிடமிருந்து வர வேண்டிய ஜீவனாம்சமும் வாரிசுரிமையும் அதோடு போகும். மனைவி மறுமணம் செய்தார் என்பதால் மட்டும் அந்த ஜீவனாம்சக் கடமை நீங்குவதில்லை. பெற்ற தந்தை மனதாரச் சம்மதிக்காத பட்சத்தில், உயிலோடு நிறுத்திக்கொள்வதே எங்கள் யோசனை.

இனிஷியலைத் தொட வேண்டாம். தந்தை இறந்துபோன ஒரு குழந்தையின் வழக்கில், ஆவணங்களில் அம்மாவின் இரண்டாவது கணவரை 'மாற்றாந்தந்தை' என்று குறிக்கச் சொன்ன உத்தரவைக் கொடூரமானது என்று கண்டித்து 2022இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆனால் அங்கே அம்மா ஒருவரே காப்பாளர். உங்கள் பையனின் தந்தை இருக்கிறார். பள்ளியில் "ஏன்டா உங்க ரெண்டு பேருக்கும் வேற வேற இனிஷியல்?" என்று எவனாவது கேட்கத்தான் செய்வான். "எங்க வீட்ல ரெண்டு அப்பா பேரு இருக்கு" என்பது போல ஒரு வரிப் பதிலை இருவரும் சேர்ந்து முடிவு செய்து வைத்துக்கொள்ளட்டும். ஒரே பதிலை இருவரும் சொன்னால் மூன்றாவது கேள்வி வராது.

எங்கள் இருவருக்கும் குழந்தை பிறக்கப் போகிறது. மூத்த பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? (வாசகி, காஞ்சிபுரம்)

உறவினர் வாயிலிருந்து தெரிவதற்கு முன்னால், அவரவர் பெற்றவர் தனியாகச் சொல்லுங்கள். "இப்பத்தான் இது முழுக் குடும்பம்" என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். அதுவரை இருந்தது என்ன என்று பிள்ளைகள் யோசிப்பார்கள். மூத்த பெண்ணைக் குழந்தை தூக்கும் வேலைக்கு வைக்காதீர்கள்.

கணவரின் மகள் (15) பெரியவளானபோது அவள் அம்மா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, வீட்டோடு முடித்துவிட்டோம். இப்போது என் மகள் (12) பெரியவளாகியிருக்கிறாள். என் அண்ணன் மண்டபம் பிடித்து, தாம்பூலத் தட்டு வரிசையோடு தாய்மாமன் சீர் கொண்டு வருகிறேன் என்கிறார். பெரியவள் "எனக்கு ஒண்ணுமில்ல சித்தி, செய்யுங்க" என்கிறாள். நான் என்ன செய்வது? (வாசகி, மதுரை)

"ஒண்ணுமில்ல" என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் தன் அப்பாவிடம் தனியாக என்ன சொல்கிறாள் என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். அவள் அம்மா பிரிந்து போயிருந்தாலும் இறந்து போயிருந்தாலும், அவளுடைய தாய்மாமன் இன்றும் தாய்மாமன்தான். அவளுக்கு விருப்பம் இருந்தால் கணவர் ஒரு போன் செய்து அழைக்கட்டும். மாமன் வர மறுத்தால் அதை அவளிடம் மறைக்காமல், ஆனால் யாரையும் குறை சொல்லாமல் சொல்லுங்கள்.

உங்கள் அண்ணனிடம் இப்போதே பேசுங்கள். வரிசையில் ஒரு தட்டு பெரியவள் பெயரில் வரட்டும்: பட்டுப் பாவாடை தாவணி, பூ, வளையல். தங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் போடும் நகையை அவளுக்கும் போட வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சபையில் அவளைக் கூப்பிட்டு அந்தத் தட்டைக் கையில் கொடுப்பதுதான் அவள் நினைவில் நிற்கும். பத்திரிகையில் இரண்டு பெண்களின் பெயரும் இருக்கட்டும். போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆல்பத்தில் பெரியவள் எங்காவது ஓரத்தில்தான் இருப்பாள்.

இன்னொன்று நகை. பெரியவளின் அம்மா விட்டுப்போன நகை வீட்டில் இருந்தால், அன்று ஒரு நாளுக்குக்கூட அதை உங்கள் மகளுக்கு இரவலாகப் போடாதீர்கள். எடை போட்டு, படம் எடுத்து, பட்டியலில் பெரியவளின் பெயரை எழுதி, தனி லாக்கரிலோ தனிப் பெட்டியிலோ வையுங்கள். பட்டியலின் நகல் ஒன்று அவள் கையில் இருக்கட்டும்.