கீழிருந்து போடும் பந்து

அன்புள்ள ஐயா,

என் மகள் பாலக்கோட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி பாஸ்கெட்பால் அணியில் அதிக பாயின்ட் எடுப்பவள் அவள்தான். ஆனால் பந்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று பி.டி. சார் குறை சொல்கிறார். ஒரே ஆட்டத்தில் 100 பாயின்ட் எடுத்த அமெரிக்க வீரர் வில்ட் சேம்பர்லினையும் சுயநலக்காரர் என்றுதான் சொல்வார்களாம். நிறைய பாயின்ட் எடுப்பவர்கள் சுயநலக்காரர்கள்தானா? அவருடைய வாழ்க்கை வரலாற்றை அவளுக்கு வாங்கிக்கொடுக்கலாமா? அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு என்பதால் விளையாட்டை நிறுத்திவிடலாம் என்றும் வீட்டில் பேச்சு.

பின்குறிப்பு: எதிரணி தப்பு செய்தால் கோட்டில் நின்று தடுப்பாரில்லாமல் போடுகிற ப்ரீ த்ரோவை அவள் இரண்டு கையாலும் கீழிருந்து தூக்கிப் போடுவாள். வாளியால் தண்ணீர் ஊற்றுவதுபோல இருக்கிறது என்று எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்களைப் போலப் போடச் சொல்லி மாற்றிவிட்டேன்.

ஒரு தகப்பன், பாலக்கோடு

*

அன்புள்ள நண்பருக்கு,

பத்தாம் வகுப்புக்காக விளையாட்டை நிறுத்துவதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கோபம்தான் வரும். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடியாடினால் கணக்கு மறந்துபோகாது.

சுயநலமா என்றால், அந்த 100 பாயின்ட் ஆட்டத்தையே பாருங்கள். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற சிற்றூர். பார்க்க வந்தவர்கள் நாலாயிரம் பேர் சொச்சம், டிவி ஒளிபரப்பு கிடையாது. சேம்பர்லினின் பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. அன்றைக்கு கை ரோட்ஜர்ஸ் என்ற சக வீரர் மட்டும் 20 முறை கூடைக்குப் பாஸ் கொடுத்திருக்கிறார். அணியே சேர்ந்து ஒருவனை நூறுக்குத் தள்ளியது. பிறகு 1967-68ல் அதே சேம்பர்லின், என்.பி.ஏ. என்கிற அமெரிக்க லீக்கிலேயே அதிக அசிஸ்ட், அதாவது சக வீரர் கூடை போட வழிசெய்கிற பாஸ், கொடுத்தவராகவும் ஆனார். உங்கள் மகள் எப்படி என்று பி.டி. சாருக்குத்தான் தெரியும், அவரிடமே பேசுங்கள்.

எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் பின்குறிப்பில் தள்ளிவிட்ட விஷயம்தான். கொஞ்ச நாளாக நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நூறில் 72 பாயின்ட் ஆட்டத்தின் ஓட்டத்தில் போட்ட கூடைகள். மிச்சம் 28 ப்ரீ த்ரோ. 32 வாய்ப்பில் 28 விழுந்தது. ஏழடி ஓரங்குல உயரமிருந்தும் அந்தக் கோட்டில் போய் நின்றாலே தடுமாறுகிற ஆள் அவர். வாழ்நாள் கணக்கில் நூற்றுக்கு 51தான். அந்தக் கணக்குப்படி போட்டிருந்தால் அன்று 16 விழுந்திருக்கும், 88ல் நின்றிருப்பார். எப்படி 28 விழுந்தது? அந்த சீசனில் அவர் கீழிருந்து போட்டார். ஆமாம், உங்கள் மகளைப் போல, வாளியால் ஊற்றுவது மாதிரியேதான். அந்த வருடம் அவருடைய ப்ரீ த்ரோ நூற்றுக்கு 61. ஆட்டத்துக்கு சராசரி 50.4 பாயின்ட் எடுத்ததும் அதே வருடம்தான். இன்றுவரை அதை யாரும் நெருங்கவில்லை.

அப்புறம் விட்டுவிட்டார். 1967-68ல் நூற்றுக்கு 38க்கு இறங்கினார். பந்து விழாததாலா விட்டார்? வெட்கம். பெண்பிள்ளை மாதிரி போடுகிறோமே என்று கூச்சமாக இருந்தது, அதை விட்டது தப்பு என்று சுயசரிதையில் அவரே எழுதினார். யாரைக் கண்டும் பயப்படாத மனுஷன், சிரிப்புக்குப் பயந்திருக்கிறார்.

அந்தக் காலத்திலேயே ரிக் பாரி என்று இன்னொருவர். அவரும் பாயின்ட் குவிக்கிறவர்தான், 1966-67ல் லீக்கில் முதலிடம். 1980ல் ஓய்வு பெறும்வரை கீழிருந்தே போட்டார், பத்துக்கு ஒன்பது விழும். இரண்டு கையும் ஒன்றாக எழும்புவதால் பந்து பக்கவாட்டில் விலகுவது குறைவு. பின்சுழற்சியோடு மெதுவாக இறங்குவதால் வளையத்தில் பட்டாலும் துள்ளி ஓடாமல் உள்ளே சாயும். அவருக்கு இதைப் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? அவர் அப்பா. பையன் பள்ளியில் படிக்கும்போது, சிரிப்பார்கள் அப்பா, வேண்டாம் என்று மறுத்திருக்கிறான். விழுந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று அப்பா விடவில்லை. பாரியின் மகன் கேன்யனும் கல்லூரி ஆட்டங்களில் அப்படித்தான் போட்டான். அங்கே மறுத்தவன் பிள்ளை. உங்கள் வீட்டில் பிள்ளை தைரியமாகப் போட, நீங்களல்லவா பயந்திருக்கிறீர்கள்?

என் சித்தப்பாவை நினைத்துக்கொள்கிறேன். காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டியில் வேலை. சாயங்காலமானால் தென்பெண்ணை ஓரத்தில் வாலிபால். அவர் சர்வீஸ் கீழ்க்கையில்தான். பந்து புளியமர உயரத்துக்குப் போய், எப்போது இறங்கும் என்று தெரியாமல் எதிராளி கழுத்தை அண்ணாந்தபடி நிற்க, சரியாகக் கடைசிக் கோட்டருகே விழும். பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஆட்கள் அவர் சர்வீஸுக்கு வந்தாலே முணுமுணுப்பார்கள். ஒருநாள் திடீரென்று ஓங்கி அடிக்கிற சர்வீஸுக்கு மாறிவிட்டார். பாதி வலையில், பாதி முள்ளுக்காட்டில். ஏன் சித்தப்பா என்று கேட்டதற்கு, “போடா, பொண்ணு எடுக்கப்போற ஊர்க்காரங்க முன்னாடி பொம்பள மாதிரி போடச் சொல்றியா?” என்றார்.

அந்த ஊரில்தான் பெண் எடுத்தார். பல வருடம் கழித்துச் சித்தியிடம் இதைச் சொல்லிக் கேட்டேன். “வாலிபாலா? உங்க சித்தப்பாவா?” என்றார் சித்தி. எந்த ஆட்டத்தையும் அவர் பார்த்ததே கிடையாதாம்.

யார் பார்க்கிறார்கள் என்று நினைத்து இதையெல்லாம் மாற்றிக்கொள்கிறோம்? உங்கள் மகள் தானாகக் கண்டுபிடித்தாளோ, யாரைப் பார்த்துக் கற்றாளோ, விழுகிற வழியைப் பிடித்திருந்தாள். நீங்கள் கெடுத்தீர்கள். அன்பால்தான், தெரியும். மைதானத்தில் பெண் பிள்ளையைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் தகப்பனுக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இருந்தாலும், பழையபடியே போடு கண்ணு என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். பி.டி. சாரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் சொல்லட்டும் என்று விடாதீர்கள்.

வாழ்க்கை வரலாறு இப்போது வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு பந்து வாங்கிக்கொடுங்கள். கடைக்காரர் ஏழாம் எண் பந்தை எடுத்து நீட்டுவார். அது ஆண்கள் பந்து. பெண்களுக்கு ஆறாம் எண், கேட்டு வாங்குங்கள்.