பூமியின் வயதும் கல்பக் கணக்கும்: கேள்வி பதில்

மொரிசியஸ் தமிழ் அன்பர்கள் கேட்டவற்றுக்கு நிலவியல் ஆசிரியர் ஒருவரின் விடைகள்.

கேள்வி (கட்ர்போர்ன்): ஐயா, பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். விஞ்ஞானமும் பூமிக்கு 454 கோடி என்கிறது. நம் முன்னோர் முன்பே கண்டறிந்துவிட்டார்கள் என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள இயலாது. 432 கோடி என்பது ஒரு கல்பத்தின், அதாவது பிரம்மாவின் ஒரு பகலின், முழு நீளம். அந்தக் கல்பம் இன்னும் முடியவில்லை என்பதும் அதே நூல்களின் கணக்குத்தான். அர்ச்சனைக்கு முன் குருக்கள் சங்கல்பம் செய்யும்போது, "ஸ்வேதவராஹ கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதிதமே கலியுகே" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கல்பத்தின் பெரும் பிரிவுகளான மன்வந்தரங்களில் ஆறு கழிந்து, ஏழாவதில் 28-ஆம் சதுர்யுகத்தின் (நான்கு யுகங்கள் சேர்ந்த சுற்றின்) கலியுகத்தில் நாம் இருக்கிறோம் என்பது அதன் பொருள். அதைக் கூட்டிப் பார்த்தால் கழிந்த காலம் ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகள்தான் வருகிறது. பூமியின் வயதில் அது பாதிகூட இல்லை. காலத்தைக் கோடிகளில் எண்ணிப் பார்க்கத் துணிந்த மனத்தின் விரிவு நாம் உண்மையாகவே பெருமைப்பட வேண்டியது. சங்கல்பம் வழிபடுபவரைக் காலத்திலும் இடத்திலும் நிறுத்துகிறது. பாறையை அளப்பது அதன் வேலையன்று.

கேள்வி (ரோஸ் ஹில், மாணவி): 454 கோடி என்பது கார்பன் முறையில் கிடைத்ததா?

பதில்: இல்லை, அம்மா. கார்பன் முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. பாறைக்கு யுரேனியமே கடிகாரம். யுரேனியம்-238 பாதியாகக் குறைந்து ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூமி உருவானபோதிருந்த பாறைகள் உருகியும் தேய்ந்தும் அழிந்துவிட்டதால், அதே காலத்தில் தோன்றிய விண்கற்களைக் கொண்டு அளக்கிறார்கள். அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் 1956-இல் அவ்வாறு கண்ட விடை 455 கோடி. பிழை எல்லை 7 கோடி.

கேள்வி (போர்ட் லூயி): அப்படியானால் நம் தீவுக்கு என்ன வயது?

பதில்: கடலுக்கு மேல் நாம் காணும் எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ 90 லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை, காவடி எடுத்து நாம் செல்லும் முருகன் கோயிலுக்குப் பின்னால் நிற்கும் கோர் தெ கார்ட் மலை அவற்றுள் பழைய வரிசையைச் சேர்ந்தது. ஆனால் 2013-இல் நம் கடற்கரை மணலில் 66 கோடி முதல் 197 கோடி ஆண்டுகள் வரை வயதுள்ள சிர்க்கான் (கண்டப் பாறைகளில் காணப்படும் கடினமான கனிமம்) மணிகள் கிடைத்தன. மணலைக் காற்றோ கப்பலோ கொண்டுவந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது நியாயமே. 2017-இல் எரிமலைப் பாறைக்குள்ளேயே 300 கோடி ஆண்டுகள் வரை பழமையான மணிகள் கண்டறியப்பட்டதும், தீவின் அடியில் பழைய கண்டத் துண்டு ஒன்று புதைந்திருக்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது. மணலில் கிடைத்த 197 கோடியைக் கல்பக் கணக்கோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது முற்றிலும் தற்செயல்.

கேள்வி (கியூர்பிப்): நாங்கள் கத்தோலிக்கர். உலகம் 6,000 ஆண்டுகளுக்கு முன் படைக்கப்பட்டது என்று உறவினர் ஒருவர் வற்புறுத்துகிறார். அது திருச்சபையின் போதனையா?

பதில்: அன்று. கி.மு. 4004 என்ற ஆண்டை 1650-இல் விவிலியத்தின் தலைமுறைப் பட்டியல்களைக் கொண்டு கணித்தவர், அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் பேராயர் அஷர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1951-இல் பாப்பிறை அறிவியல் கழகத்தில் பேசியபோது, பாறைகளின் வயது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் என்ற அளவீடுகளை ஏற்றே பேசினார்.