நாங்க இங்கிலாந்துல இருக்கோம்; காரைக்குடிப் பக்கம் எங்க பழைய வீட்டு மாடி சோலார் டேங்க்ல, இங்க உள்ள பாய்லர் மாதிரி வெந்நீருக்கு டைமர் வைக்க முடியுமா?

தாராளமா வைக்கலாம். ஆனா நீங்க கேட்ட மாதிரி மாடில இருக்கிற 200 லிட்டர் சோலார் டேங்க்ல வைக்காதீங்க, அப்பச்சியும் ஆத்தாவும் குளிக்கிற பின்கட்டு பாத்ரூம்ல வைங்க.

நான் இந்தப் பக்கம் பிளம்பிங், வயரிங் ரெண்டும் பாக்குறவன். உங்க ஊர் பாய்லர்ல புரோகிராமர்னு ஒண்ணு ரூம் ஹீட்டிங்குக்கு ஒரு நேரம் வெந்நீருக்கு ஒரு நேரம்னு தனித்தனியா ஓட்டுது, வெந்நீர் சேத்து வைக்கிற சிலிண்டர்ல ஒட்டியிருக்கிற தெர்மோஸ்டாட் 60 டிகிரி வந்ததும் நிறுத்திடுது, அவ்வளவுதான் சங்கதி. நம்ம ஊர் வெயிலுக்கு ரூம் ஹீட்டிங் எதுக்கு, வெந்நீர் பாதி மட்டும் போதும்.

நம்ம வீடுகள்ல பிரச்சனையே நீளம்தாங்க. முகப்பு மாடில டேங்க், அங்கேருந்து வளவுங்கிற நடு முற்றம், ரெண்டாங்கட்டு எல்லாம் தாண்டி பைப் வரணும், 30 மீட்டர் முக்கா இஞ்ச் பைப்னு வச்சுக்கிட்டாலே உள்ள 9 லிட்டர் பச்சத்தண்ணி நிக்கும், அது முழுசும் போனப்புறம்தான் சூடு தெரியும், வயசானவங்க அதுவரை குழாயத் திறந்து வச்சுட்டு நிப்பாங்களா. மழை நாள்ல டேங்க்ல உள்ள கரண்ட் ஹீட்டரப் போட்டா இன்னும் மோசம், 200 லிட்டரையும் 28 டிகிரிலேருந்து 60க்கு ஏத்த ஏழு யூனிட்டுக்கு மேல போகும், 2 கிலோவாட் ஹீட்டர்னா நாலு மணி நேரம் கிட்ட ஓடணும். அதை ராத்திரில போட்டு விட்டீங்கன்னா காலைல வெயிலுக்கு அங்க வேலையே இல்ல.

அதனால பின்கட்டுல 15 லிட்டர் கீசர் ஒண்ணு மாட்டுங்க. 60 டிகிரிக்கு வர இருபது நிமிஷம்கூட ஆகாது, அரை யூனிட் சொச்சம்தான், பச்சத்தண்ணி கலந்தா குளிக்கிற சூட்டுல 40 லிட்டர் கிடைக்கும், ரெண்டு பேருக்கு ரெண்டு வாளி. அவங்க அஞ்சரைக்குக் குளிப்பாங்கன்னா டைமர்ல அஞ்சு மணி வச்சா சரியா இருக்கும். சூட்டை ரொம்பக் குறைச்சும் வைக்காதீங்க, வெதுவெதுப்பா நிக்கிற தண்ணில கிருமி வளரும், ரொம்ப ஏத்தினா போர் தண்ணில உப்பு படிஞ்சு எலிமென்ட் போயிடும். 60 டிகிரி தண்ணி வயசானவங்க தோலை சில செகண்ட்லயே பொசுக்கிடும், அதனால வாளில முதல்ல பச்சத்தண்ணி, அப்புறம் வெந்நீர்னு ஆத்தாகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க, முடிஞ்சா சூட்டைப் பாத்துத் தானா கலக்குற மிக்சிங் வால்வு ஒண்ணு போட்ருங்க.

யாராவது சுவத்தை வெட்டி பைப் உள்ள விடலாம்னு சொன்னா விடவே விடாதீங்க. அந்தக் காலத்து சுண்ணாம்புப் பூச்சை வெட்டினா திரும்ப அதே மாதிரி பூச ஆள் கிடைக்கிறது குதிரைக் கொம்பு, தரைல பதிச்ச ஆத்தங்குடிக் கல்லைப் பேத்தாலும் அதே கதைதான். தோட்டத்துப் பக்கம் வெளிச்சுவரோட க்ளாம்ப் போட்டுக் கொண்டு போகலாம்.

எல்லாத்துக்கும் முன்னால எர்த் பாக்கச் சொல்லுங்க. பழைய வயரிங்ல பல வீட்டுல எர்த் கம்பியே இருக்காது, ஈரக் கையோட குழாயத் தொடுற இடம், எர்த்தும், கரண்ட் கசிஞ்சா உடனே நிறுத்திடுற 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி சுவிட்சும் இல்லாம கீசர் மாட்டவே கூடாது. டைமர் 16 ஆம்ப் தாங்குறதா இருக்கணும், உள்ள பேட்டரி இருக்கான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா பகல் முழுக்க கரண்ட் போற பராமரிப்பு நாள்ல கடிகாரம் நின்னு, மறுநாள் அப்பச்சி குளிக்கப் போறப்ப பச்சத்தண்ணிதான் வரும்.