பழைய டியூப் டிவியில் நடுவே ஒரே வெள்ளைக் கோடு: பிக்சர் டியூப் போய்விட்டதா?

சிங்கப்பூர் தெம்பனிஸ் வீட்டில் அம்மாவின் 21 அங்குல டியூப் டிவியில் சத்தம் வருகிறது, படம் மட்டும் நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடாகச் சுருங்கிவிட்டது, டியூப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கோடு ஒளிர்கிறது என்றாலே டியூபுக்கு உயிர் இருக்கிறது, திரையில் படத்தை வரையும் எலக்ட்ரான் கற்றையை நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழே இழுக்கும் வெர்டிகல் பகுதிதான் நின்றுபோயிருக்கிறது.

முதலில் டிவியை அணைத்துவிடுங்கள், இப்படியே ஓடவிட்டால் அந்த இடத்தில் திரையின் உள்பக்கம் ஒளிரும் பாஸ்பர் பூச்சு கருகித் தழும்பாகிவிடும்.

2019 தொடக்கத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்றபின் மாட்டிய டிஜிட்டல் பெட்டியைச் சந்தேகிக்க வேண்டாம், அதில் கோளாறு என்றால் திரை முழுக்க நீலமோ கறுப்போ வரலாம், கோடு வராது.

என் டிவியிலும் இதே கதைதான். வெர்டிகல் பகுதியை இயக்கும் ஐசி (சில்லு) சூடாகிச் சூடாகி, அதன் ஒரு கம்பிக்காலைச் சுற்றி ஈயப்பற்றில் முடி அளவு விரிசல் வளையமாக ஓடியிருந்தது, பூதக்கண்ணாடி வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்ததும் படம் முழுதாக விரிந்தது. அதற்கும் மசியாவிட்டால் ஐசி, பக்கத்தில் மின்னைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை மாற்றிப் பாருங்கள், சிம் லிம் டவர் கடைகளில் தேடலாம்.

ஆனால் அனுபவம் இல்லாமல் பின்மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும், தெரிந்த மெக்கானிக்கையே கூப்பிடுங்கள்.