டாப்பெட் சத்தம் நின்றது, வண்டியும் நின்றது

கேள்வி: பத்து வருடம் ஓடிய ஸ்ப்ளெண்டர் வைத்திருக்கிறேன். டாப்பெட் சத்தம் அதிகமாக இருந்ததால் போன மாதம் கடையில் சொல்லி டைட் வைத்தேன். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஆனால் இப்போது காலையில் ரொம்ப நேரம் கிக்கரை உதைத்தால்தான் கிளம்புகிறது. சூடானதும் சிக்னலில் ஆஃப் ஆகிறது. சைலன்சரில் டப் டப் என்று வெடிக்கிறது. பிளக் மாற்றியும் பயனில்லை. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். நீங்கள் சொல்லும் வரிசையைப் பார்த்தால், எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த புகையை வெளியே விடும் கதவு) முழுசாக மூடவில்லை என்றே சந்தேகப்படுகிறேன். டாப்பெட்டில் லேசான டிக் டிக் சத்தம் இருப்பது தப்பே இல்லை. வால்வைத் தட்டித் திறக்கும் ராக்கருக்கும் வால்வின் தண்டுக்கும் நடுவே விடும் சின்ன இடைவெளியால் வரும் சத்தம் அது. எஞ்சின் சூடானால் வால்வின் தண்டு நீளும். அந்த நீட்சிக்குத்தான் இடைவெளி. சத்தம் போகட்டும் என்று அதை இறுக்கிவிட்டால் வால்வு சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையத்தில்) உட்காராமல் மயிரிழை அளவு தூக்கியே நிற்கும்.

இன்லெட் வால்வைப் புது பெட்ரோல் கலவை குளிர்விக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 600 டிகிரிக்கு மேல் சூடேறும் அந்த வால்வு, மூடியிருக்கும் நேரத்தில் சீட்டைத் தொட்டுத்தான் தன் சூட்டில் பெரும்பகுதியை ஹெட்டுக்கு (எஞ்சினின் தலைப்பகுதிக்கு) கடத்துகிறது. சரியாக உட்காராவிட்டால் சூடு இறங்காது. எரியும் வாயுவும் அந்த இடுக்கு வழியாகவே பாயும். விளிம்பு கருகித் துண்டு பெயர்ந்துவிடும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். சரிசெய்யும் வரை தூரப் பயணம் வேண்டாம்.

முதலில் சோதனை. சாவியை ஆஃப் செய்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஒரு இடத்தில் நன்றாகத் தடுத்து நிற்க வேண்டும். தடுக்காமல் இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) கசிகிறது. அப்போது இன்னொருவரை சைலன்சர் வாயருகே காது வைக்கச் சொல்லுங்கள். 'உஸ்' என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்லெட். ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் போரோ தேய்ந்திருக்கிறது.

இனி டாப்பெட். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் திறப்பதே நல்லது. சூட்டில் அளந்த அளவு எதற்கும் உதவாது. பிளக்கைக் கழற்றிவிட்டால் எஞ்சின் லேசாகச் சுற்றும். ஹெட்டில் உள்ள இரண்டு டாப்பெட் மூடிகளையும், இடது பக்க மேக்னெட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் திறங்கள். நடுத் துளை வழியாக டி ஸ்பேனர் விட்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி, மேக்னெட்டில் (கவருக்குள் சுற்றும் சக்கரத்தில்) உள்ள T குறியைக் கவரின் வெட்டுக்கு நேராக நிறுத்துங்கள்.

வீட்டில் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். T குறி இரண்டு முறை நேராக வரும். அதில் ஒன்றில்தான் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினால் சரியான இடம். ஆடவில்லை என்றால் இன்னொரு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் எக்ஸாஸ்ட் ராக்கர் மட்டும் அசையவில்லை என்றால் கோளாறு கையில் சிக்கிவிட்டது. ஸ்ப்ளெண்டரில் எஞ்சின் படுத்திருப்பதால் கீழ்ப்பக்கம் இருப்பதுதான் எக்ஸாஸ்ட்.

9 எம்எம் லாக் நட்டைத் தளர்த்தி, டாப்பெட் கீயால் ஸ்க்ரூவைத் திருப்பி, பில்லர் கேஜ் (சின்ன இடைவெளியை அளக்கும் கருவி) தகடு லேசாக உரசிக்கொண்டு நுழையும்படி வையுங்கள். அளவை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். இந்த வகை வண்டிகளில் அது 0.05 முதல் 0.10 மிமீக்குள்தான் இருக்கும். இவ்வளவு சின்ன அளவைக் கைப்பழக்கத்தில் வைக்க வேண்டாம், கேஜ் வாங்கிவிடுங்கள். கீயை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்கி, மறுபடி அளங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடுவது சகஜம். அப்புறம் இன்லெட்டையும் அதே மாதிரி பாருங்கள்.

பிளக்கையும் மூடிகளையும் மாட்டிக் கிக்கரை அழுத்திப் பாருங்கள். தடுப்பு திரும்ப வந்திருந்தால் ஓட்டலாம். 500 கிலோமீட்டரில் ஒருமுறை இடைவெளியை அளந்து பாருங்கள். மறுபடி குறைந்திருந்தாலோ, இடைவெளி சரியாக இருந்தும் சைலன்சரில் 'உஸ்' நிற்காவிட்டாலோ, வால்வோ சீட்டோ கெட்டிருக்கிறது. ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த வேலையை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். நல்ல பட்டறையில் கொடுங்கள். லேசான கசிவு என்றால் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்து உட்கார வைப்பார்கள். விளிம்பு கருகியிருந்தாலோ தண்டு வளைந்திருந்தாலோ புது வால்வுதான். ஹெட்டை மாட்டும் முன் எக்ஸாஸ்ட் துளையில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்; வால்வைச் சுற்றி ஈரம் கசியாமல் இருந்தால் மட்டும் மாட்டச் சம்மதியுங்கள்.